மெட்டு முதலில், பாட்டு பின்னால்

இலங்கையிலும் இந்தியாவிலும் நாடகக் கலைஞர்கள் ஒருவரோடொருவர் கலந்து பணியாற்றிய நூறாண்டுக் கதையை ஒரு பழைய ஹார்மோனியப் பெட்டியிலிருந்து தொடங்குவதே பொருத்தம். பெட்டியைத் திறந்ததும் எழும் வாசனையில் தேக்குப் பலகை இருக்கும், துருத்தித் தோல் இருக்கும், பூச்சிக்குப் பயந்து போட்டுவைத்த நாப்தலீன் உருண்டை இருக்கும். இவற்றுக்கு அடியில், பல இரவுகளின் சாம்பிராணியும் முத்துவெள்ளை குழைத்த தேங்காயெண்ணெயும் மங்கலாகத் தட்டுப்படும். பழைய நாடகக்காரர்களுக்கு அந்த வாசனை போதும். கொழும்பு மருதானையும் மதுரையும் காங்கேசன்துறைக் கோயில் வீதியும் ஒரே மூச்சில் நினைவுக்கு வந்துவிடும்.

கடலைக் கடப்பது அன்று இன்றைய அளவுக்குப் பெரிய காரியமாக எண்ணப்படவில்லை. தொடக்கத்தில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ‘போட் மெயில்’ வந்தது. மாலையில் எழும்பூரில் ரயிலேறினால் மறுநாள் தனுஷ்கோடி. அங்கிருந்து சிறிய நீராவிக் கப்பலில் தலைமன்னார். மறுபடி ரயிலேறினால் விடியும்போது கொழும்புக் கோட்டை நிலையம். எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். நாடகக் கம்பெனியின் மூட்டைகளில் சுருட்டிக் கட்டிய படுதாக்கள், ஜரிகை உடுப்பு அடைத்த டிரங்குப் பெட்டிகள், அட்டைக் கிரீடங்கள் எல்லாம் போகும். அவற்றில் உடையக்கூடாத ஒன்று ஹார்மோனியம். படுதா நனைந்தால் உலர்த்திக்கொள்ளலாம். சுருதி கெட்டால் அன்றைய இரவே கெட்டது.

அந்தக் கருவியை இலங்கை மேடைக்குக் கொண்டு சேர்த்தவர்கள் தமிழர்கள் என்று சொல்லிவிட முடியாது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து புறப்பட்ட பார்சி நாடகக் கம்பெனிகள் தென்னிந்தியாவையும் கொழும்பையும் பினாங்கையும் ஒரு சுற்று வந்தன. எழுதிய திரைகள், மின்னும் உடைகள், நிமிஷத்துக்கு ஒரு பாட்டு, நடுநடுவே நகைச்சுவை என்று அவர்கள் காட்டிய வித்தை போன இடமெல்லாம் வேர் பிடித்தது. பினாங்கில் அதிலிருந்து மலாய் ‘பங்சாவான்’ பிறந்தது. தமிழ்நாட்டில் கம்பெனி நாடகத்தின் படுதாவும் பாட்டும் அந்தக் காற்றில் அசைந்தவைதான். கொழும்பில் அது சிங்கள ‘நூர்த்தி’ ஆயிற்று. அதுவரை கிராமத் திடல்களில் நாள்கணக்கில் ஆடப்பட்டுவந்த ‘நாடகம’ என்னும் கூத்து வகை, நகரத்துப் பார்வையாளருக்குத் திடீரென்று பழசாகத் தோன்றத் தொடங்கியது.

நூர்த்தியின் கதையில் இருவர் சேர்ந்து செய்த வேலை ஒன்று நிதானித்துப் பார்க்கத் தக்கது. ஜோன் டி சில்வா வழக்கறிஞர். ஆங்கில மோகத்தில் ஊறிப்போன கொழும்பு மேல்தட்டைக் கேலி செய்தே நாடகம் எழுதியவர். சிங்களவருக்கென்று மேடையில் ஓர் இசை வேண்டும் என்று அவர் தேடினார். தேடல் போய் நின்ற இடம் இந்தியா. மேற்கு இந்தியாவிலிருந்து விஸ்வநாத் லௌஜி என்ற இசைஞரை வரவழைத்தார். 1903-ல் மேடையேறிய ‘சிறிசங்கபோ’ நாடகத்துக்கு லௌஜி மெட்டமைத்தார். அவருக்குச் சிங்களம் தெரியாது. ஆசிரியருக்கோ இந்துஸ்தானி ராகங்களில் பயிற்சி கிடையாது. ஆகவே வேலை தலைகீழாக நடந்தது. காட்சி என்ன, பேசுபவர் யார், அழுகையா வீரமா பக்தியா என்று ஆசிரியர் விளக்குவார். இசைஞர் ராகத்தைத் தேர்ந்து மெட்டை வாசிப்பார். மெட்டு கையில் வந்த பிறகு அதன் நெளிவுக்கு ஏற்பச் சிங்களச் சொற்களை ஆசிரியர் பொருத்துவார். மெட்டு முதலில், பாட்டு பின்னால். பின்னாளில் சினிமாக்காரர்கள் இதையே ஏதோ புதிய வழக்கம் போலச் செய்தார்கள்.

அப்படிப் பிறந்த பாட்டுகளில் ஒன்று ‘தன்னோ புதுங்கே’. அனுராதபுரத்தை நெருங்கும் மூன்று இளவரசர்கள் தொலைவில் அந்த நகரைக் கண்டு பாடுவது. நாடகம் மறந்துபோன பிறகும் பாட்டு மறக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் பாடினார்கள், கோயில் விழாக்களில் பாடினார்கள், பக்திப் பாட்டாகவே அது நிலைபெற்றுவிட்டது. 2016 சுதந்திர தின விழாவில் காலிமுகத் திடலில் பாடகி கிஷானி ஜயசிங்க அதை ஓப்பரா முறையில் பாடியபோது நாடே இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. நம் பாட்டை இப்படி அந்நிய முறையில் பாடலாமா என்று ஒரு தரப்பு கொதித்தது. அந்தச் சூட்டில் சிலர் பொறுமையாக ஒன்றை எடுத்துச் சொன்னார்கள்: அந்த மெட்டு முதலிலேயே கடல் கடந்து வந்த ஒருவர் கை வைத்தது. அந்த ஆண்டு மங்கலான குரலில் லௌஜியின் பெயர் மறுபடி உச்சரிக்கப்பட்டது. தேசியம் பேசிய ஒரு நாடகாசிரியர் தம் மொழி தெரியாத ஓர் அயலவரை நம்பித் தம் சொற்களை ஒப்படைத்தார் என்பது, அவர் எழுதிய எந்த வசனத்தையும் விடச் சுவையான செய்தி.

நூர்த்திக்கு நிலையான வீடு 1911 டிசம்பரில் மருதானையில் எழுந்தது: டவர் ஹால். திறந்துவைத்தவர் அநகாரிக தர்மபாலர். சார்ல்ஸ் டயஸின் ‘பண்டுகாபய’ முதல் நாடகம். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகள் அந்த மேடைதான் கொழும்பின் இரவு. ஆனி பொத்தேஜு, லக்ஷ்மி பாய் போன்ற பெண்கள் அங்கே பாடி நடித்துப் புகழ் பெற்றார்கள். அவர்களின் குரல் இசைத்தட்டுகளிலும் ஏறியது. கம்பெனி நாடகங்களில் மீசை மழித்த ஆண்களே சந்திரமதியாகவும் தமயந்தியாகவும் வந்து நின்ற காலம் அது என்பதை நினைத்தால் அந்தத் துணிவு விளங்கும்.

தமிழ் மேடையின் போக்குவரத்து வேறு மாதிரியானது. அதில் இரண்டு ஓடைகள் இருந்தன. ஒன்றை மற்றொன்று அவ்வளவாக மதித்ததில்லை. முதலாவது, படித்தவர்களின் சபை. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நடித்தார்கள். அந்தச் சபை 1911-ல் கொழும்புக்கு வந்தது. ‘கூத்தாடி’ என்ற சொல் வசையாக இருந்த சமூகத்தில், வழக்கறிஞர்கள் வேஷம் கட்டி மேடையில் நிற்பதைக் கண்டது இலங்கைத் தமிழருக்குப் பெரிய செய்தி. நாமும் நடிக்கலாம் என்ற தைரியம் வந்தது. அதற்கடுத்த சில ஆண்டுகளில் கொழும்பில் இலங்கை சுபோத விலாச சபையும் யாழ்ப்பாணத்தில் சரஸ்வதி விலாச சபையும் தோன்றின. பெயரிலேயே சென்னையின் சாயல் தெரியும். அப்படி மேடைக்கு வந்தவர்களில் முதன்மையானவர் கலையரசு க. சொர்ணலிங்கம். பம்மலைக் குருவாகவே கொண்டு, அவருடைய நாடகங்களை யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கணக்கில் நடித்தார். ‘வாணிபுர வணிகன்’ நாடகத்தில் அவர் ஏற்ற ஷைலாக் வேஷத்தைப் பார்த்தவர்கள் முதுமை வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குரு எழுதிய ‘நாடக மேடை நினைவுகள்’ நூலையும், சீடர் எழுதிய ‘ஈழத்தில் நாடகமும் நானும்’ நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது தனி இன்பம். ஒத்திகைக்கு நேரத்துக்கு வராதவர் மேல் இருவருக்கும் ஒரே கோபம்.

இரண்டாவது ஓடை தொழில்முறை நடிகர்களுடையது. அதன் ஊற்று சங்கரதாஸ் சுவாமிகள். அவர் எழுதிய ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘சத்தியவான் சாவித்திரி’, ‘கோவலன்’ ஆகியவை தமிழ்நாட்டு ஊர்களில் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்ற பெயரில் ஓடின. அதில் ஒரு விந்தை உண்டு. நடிகர்கள் ஒரே கம்பெனியைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் மூன்றாவது ஊர். ஒத்திகை இல்லை, இயக்குநர் இல்லை. அன்றிரவு மேடையில்தான் பல சமயம் ஒருவரையொருவர் முதலில் பார்த்துக்கொள்வார்கள். ஆனாலும் நாடகம் விடிய விடிய நடக்கும். ஏனென்றால் பாட்டுகள் எல்லோருக்கும் பாடம், காட்சி வரிசை எல்லோருக்கும் தெரியும், இடைவெளியை நிரப்பத் தர்க்கம் செய்யத் தெரிந்திருந்தால் போதும். இவர்களையெல்லாம் கட்டி நிறுத்துபவர் மேடையோரத்தில் கால் ஹார்மோனியத்தின் முன் உட்கார்ந்திருப்பவர். எந்தக் கட்டையில் ஒருவர் பாடுவார் என்பதை அவர் முதல் விருத்தத்திலேயே பிடித்துவிடுவார். நடிகர் மூச்சு வாங்கினால் பின்பாட்டுப் பாடுவார். வசனம் தடுமாறினால் அடுத்த பாட்டின் முதல் சுரத்தைத் தொட்டுக் காட்டி வழியனுப்பிவிடுவார்.

இந்த ஏற்பாடு கடல் கடந்த கூட்டுக்கு எவ்வளவு தோதானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவிலிருந்து வந்த நடிகரும் யாழ்ப்பாணத்துக் கலைஞரும் ஒரே இரவில் ஒரே மேடையில் சேர்ந்து நடிக்க ஒப்பந்தமோ பயிற்சி முகாமோ தேவைப்படவில்லை. பிற்காலத்தில் தூதரகங்களின் தயவில் நடந்த கலாசாரப் பரிமாற்றங்கள் பலவற்றுக்கு இந்த எளிமை வாய்க்கவில்லை.

அந்தப் பயணங்களில் தமிழ்நாடு மறக்காத ஒன்று 1920-களின் நடுவில் நடந்தது. செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளும் ஜோடியாக நடித்தது இலங்கையில்தான் தொடங்கியது. இருவரும் தனித்தனியே உச்சத்தில் இருந்தவர்கள். இருவருக்குமே மேல் ஸ்தாயியில் குரல் நின்று பேசும். ஒருவர் பாட்டுக்கு மற்றவர் விட்டுக்கொடுக்காமல் பாட, கொட்டகை ‘வன்ஸ்மோர்’ கேட்டு ஓயவில்லை. கிட்டப்பாவின் அண்ணன் காசி ஐயர் ஹார்மோனியக்காரர். 1927-ல் இருவரும் மணந்துகொண்டதும், 1933-ல் இருபத்தேழு வயதிலேயே கிட்டப்பா இறந்ததும், அதன் பிறகு சுந்தராம்பாள் வெண்ணிற உடையிலேயே வாழ்ந்ததும் ஊரறிந்த கதை.

வந்தவர்கள் திரும்பிப் போனார்கள், பாட்டு தங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் இது ‘இசை நாடகம்’ என்ற பெயரில் கோயில் திருவிழாக்களோடு ஒன்றியது. சினிமா வந்து தமிழ்நாட்டு நகரங்களிலிருந்து ஸ்பெஷல் நாடகத்தைக் கிராமத்துக்கு விரட்டிய பிறகும், வடபுலத்தில் அதற்குக் கூட்டம் குறையவில்லை. காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் ‘மயான காண்டம்’ ஆயிரக்கணக்கான இரவுகள் ஆடப்பட்டது. சனம் மாலையிலேயே பாய் கொண்டுபோய் இடம் பிடிக்கும். பிள்ளைகள் நடுவில் உறங்கிவிடும். சுடலையில் அரிச்சந்திரனும் சந்திரமதியும் எதிர்ப்படும் நேரம் பெரும்பாலும் விடியற்காலை. அப்போது தாய்மார் பிள்ளைகளைத் தட்டி எழுப்புவார்கள். இப்போது இரண்டு மணி நேரத்துக்குள் சுருக்கிய இசை நாடகங்களில் அந்தக் காட்சி இரவு ஒன்பது மணிக்கே வந்துவிடுகிறது. பாட்டு அதேதான், ஆனால் உறங்கி எழுந்து பார்ப்பவர்கள் இல்லை.

எதிர்த் திசைப் பயணமும் நடந்தது. நீர்கொழும்புப் பக்கம் பெயர்பெற்ற மினர்வா நாடகக் குழு, பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன எழுதிய ‘கடவுணு பொறொந்துவ’ நாடகத்தை ஊர் ஊராக நடத்திவந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த எஸ். எம். நாயகம் அதைப் படமாக்க முன்வந்தார். குழு மதுரைக்கு வந்து சித்ரகலா மூவிடோனில் நடித்தது; இயக்கியவர் வங்காளத்தைச் சேர்ந்த ஜோதிஷ் சிங். 1947 ஜனவரியில் கொழும்பில் திரையிடப்பட்ட அதுவே சிங்களத்தின் முதல் பேசும் படம். கதாநாயகி ருக்மணி தேவி, கொழும்புச் செட்டி குடும்பத்தில் டெய்சி ராசம்மாவாகப் பிறந்தவர். மதுரையில், வங்காளி இயக்கத்தில், தமிழ்ப் பெயர் கொண்டு பிறந்த பெண் சிங்களத்தில் பாடிய அந்தப் படத்தை இன்று பார்க்க முடிந்தால் மேடை நடிப்பின் உரத்த சாயல் அப்படியே தெரியும். மேடையில் பழகியவர்கள் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசியே பழகியவர்கள்.

வங்காளத்தோடு வேறொரு தொடர்பும் இருந்தது. 1934-ல் தாகூர் தம் சாந்திநிகேதன் குழுவோடு இலங்கைக்கு வந்து ‘சாப்மோசன்’ நாட்டிய நாடகத்தை நிகழ்த்தினார். ஹொரணையில் ஸ்ரீபாலி கலைப்பள்ளிக்கு அடிக்கல் நாட்டினார். அதைத் தொடர்ந்து சிங்கள இளைஞர்கள் சாந்திநிகேதனுக்குப் புறப்பட்டார்கள். பின்னர் தேசிய கீதத்துக்கு இசையமைத்த ஆனந்த சமரக்கோன், நடனக் கலைஞர் சித்திரசேன, எதிரிவீர சரச்சந்திர ஆகியோர் அவர்களில் சிலர். தாகூருக்கு ஹார்மோனியம் பிடிக்காது. 1940-ல் அகில இந்திய வானொலி அந்தக் கருவியைத் தள்ளிவைத்ததில் அவருடைய கருத்துக்கும் பங்குண்டு. நாடகக் கொட்டகைக்காரர்கள் அந்தத் தடையைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சரச்சந்திரவின் பெயரோடு கதையின் மிக விசேஷமான திருப்பம் வருகிறது. அதற்கு வெகுகாலம் பின்னே போக வேண்டும். தமிழகக் கடற்கரைப் பரதவர் ஊர்களிலும் மன்னார், சிலாபம் பகுதிகளிலும் கத்தோலிக்கர்கள் புனிதர் கதைகளைக் கூத்தாக ஆடிவந்தார்கள். வாசாப்பு, நாட்டுக்கூத்து என்று அதற்குப் பெயர். மேற்குக் கரை வழியே அது சிங்களவரிடம் சென்று, மத்தளத்தையும் தமிழ்ப் பாட்டு வடிவங்களையும் தோளில் சுமந்தபடியே ‘நாடகம’ ஆனது. ஒரு கதையை முடிக்க ஒரு வாரம் வரை பிடிக்கும். நூர்த்தி வந்ததும் அது தேய்ந்தது. 1950-களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருந்த சரச்சந்திர, மேலை நாட்டு யதார்த்த நாடகத்தின் தழுவல்களில் சலித்துப்போய் நாட்டார் கூத்துகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஜப்பானில் கபுகியும் நோவும் பார்த்துவிட்டு வந்த பிறகு தேடியது கையெட்டும் தூரத்தில் இருப்பது அவருக்கு உறைத்தது. அம்பலாங்கொடையிலிருந்து முதிய கலைஞர் சார்ல்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயை அழைத்து வந்து மாணவர்களுக்கு நாடகம மெட்டுகளைக் கற்பிக்கச் செய்தார். 1956 நவம்பர் 3-ஆம் நாள் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் ‘மனமே’ அரங்கேறியது. சிங்கள நாடகம் அன்றோடு வேறாயிற்று.

அதே பேராதனையில் தமிழ்த் துறையில் இருந்தவர் சு. வித்தியானந்தன். தமிழ்க் கூத்திலிருந்து போன ஒன்று இவ்வளவு அழகாக எழுந்து நிற்கும்போது, மட்டக்களப்புக் கூத்து ஊர்ப்புறத்தில் கவனிப்பாரற்றுக் கிடப்பது அவரை உறுத்தியது. மனமே தந்த உந்துதல்தான் அவரைச் செயலில் இறக்கியது என்று ஈழத்து நாடக வரலாறு எழுதிய பலரும் குறித்திருக்கிறார்கள். கூத்து ஆசிரியர்களான மட்டக்களப்பு அண்ணாவிமாரைப் பல்கலைக்கழகத்துக்கு வரவழைத்தார். வடமோடி, தென்மோடி ஆட்டங்கள் பழகப்பட்டன. விடிய விடிய ஆடும் கூத்து ஒன்றரை மணி நேரத்துக்குச் செதுக்கப்பட்டது. 1962-ல் ‘கர்ணன் போர்’, அடுத்த ஆண்டு ‘நொண்டி நாடகம்’, 1964-ல் ‘இராவணேசன்’, 1967-ல் ‘வாலிவதை’. இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பிற்காலத்தில் தாமே பேராசிரியராகி அந்தக் கூத்தை மறுபடி மறுபடி புதுக்கினார். முழு இரவுக் கூத்தைக் கத்தரித்தது சரியா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. ஓர் அண்ணாவியார் கண்ணில் அது மரத்தை வெட்டிச் சட்டம் போட்டது போலத்தான் பட்டிருக்கும். ஆனால் அந்தச் சட்டம் இல்லையென்றால் நகரத்துப் பிள்ளைகள் மரத்தைத் தேடிப் போயிருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டிலும் ஏறக்குறைய இதே தேடல் சற்றுப் பிந்தி நடந்தது. புரிசைத் தெருக்கூத்தைக் கண்டு வியந்த ந. முத்துசாமி 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். இரு கரையிலும் கூத்தை மீட்கும் வேலை நடந்தபோது இரு தரப்பும் நெருங்கிப் பழகியிருக்கலாம். அதற்குக் காலம் இடம் தரவில்லை. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்து போட் மெயிலின் பழைய வழி முறிந்தது. ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1983 கலவரத்துக்குப் பின் வந்த போரில் நின்றது. அதன் பிறகு கடலைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் அகதிகள். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ போன்ற நாடகங்கள் குண்டுச் சத்தத்துக்கு நடுவில் எழுந்தன. அவை தமிழ்நாட்டுக்கு ஆளாக வரவில்லை. அச்சுப் பிரதிகளாகவும் வாய்ப்பேச்சாகவும் மெல்ல வந்து சேர்ந்தன.

நாட்டுக்குள்ளேயே இரு மொழிக்காரர்கள் ஒன்றாக நடிக்கும் முயற்சியைப் பராக்கிரம நிரிஎல்லவும் எச். ஏ. பெரேராவும் 2003-ல் ‘ஜனகரளிய’ என்ற நடமாடும் அரங்கமாகத் தொடங்கினார்கள். ஊருக்கு ஊர் கூடாரம் அடித்து, சிங்கள, தமிழ் இளைஞர்கள் சேர்ந்து தங்கி, சமைத்து, ஒருவர் மொழியை மற்றவர் கற்று நடித்தார்கள். தமிழ்ப் பெண் சிங்கள வசனம் பேசினாள். சிங்களப் பையன் தமிழ் நாடகத்தில் வந்தான். அவர்கள் எடுத்தாண்டவற்றில் ஹபீப் தன்வீரின் ‘சரண்தாஸ் சோர்’ ஒன்று. சத்தீஸ்கர் கிராமத்துக் கலைஞர்களைக் கொண்டு 1975-ல் தன்வீர் உருவாக்கிய அந்த நாடகத்தில், பொய் சொல்வதில்லை என்று குருவுக்கு வாக்குக் கொடுத்துவிட்ட திருடன் அந்த வாக்குக்காகவே உயிரை இழக்கிறான். அரிச்சந்திரனை ஆண்டாண்டாகப் பார்த்துவந்த ஊர்களில் அந்தக் கதைக்கு முன்னுரை தேவைப்படவில்லை.

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. சில மணி நேரப் பயணம்தான். இசை நாடகம் பாடும் குழுக்கள் யாழ்ப்பாணத்தில் இன்னும் இருக்கின்றன. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடக நடிகர் சங்கங்கள் திருவிழாக் காலத்தில் இன்னும் தேதி கொடுக்கின்றன. ‘வள்ளி திருமணம்’ இரு தரப்புக்கும் பாடம்.